குரிக்கு ஒரு பதிவாளர், நிதிக்கு ஓர் அமைச்சகம்: கொல்லங்கோட்டுச் சேமிப்புக்கு யார் காவல்?

புது தில்லி:

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் வழியில் கொல்லங்கோட்டைக் கடந்தால் முதலமடையின் மாந்தோப்புகள். அவற்றுக்கு அப்பால் கோவிந்தாபுரம். அதையும் தாண்டினால் தமிழகம். சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டில் எல்லையிலிருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன. மாங்காய் லாரிக்கு அன்று முதல் எல்லை ஒரு பொருட்டல்ல. ஆனால் இப்பகுதிக் குடும்பம் ஒன்று மாதந்தோறும் ஒதுக்கி வைக்கும் பணத்துக்கு எல்லை இன்னும் இருக்கிறது. அது எல்லையின் எந்தப் பக்கம் கட்டப்படுகிறது, எவ்வகை நிறுவனத்தில் கட்டப்படுகிறது என்பதைப் பொறுத்து, அதைக் காக்கும் சட்டமும் அலுவலரும் மாறிவிடுகின்றனர்.

மலையாளமும் தமிழும் கலந்து புழங்கும் இந்த வட்டாரத்தில் சேமிப்புக்கு நான்கு கதவுகள் உண்டு. பாலக்காடும் திருச்சூரும் குரி என்றழைக்கும் சீட்டு முதலாவது. உறுப்பினர்களுக்குள் மட்டுமே வரவு செலவு செய்யும் 'நிதி' நிறுவனம் இரண்டாவது. ஊர்க் கூட்டுறவுச் சங்கம் மூன்றாவது. தங்க நகைக்குக் கடன் தரும் தனியார் நிதி நிறுவனம் நான்காவது. குரியைக் கண்காணிப்பது மாநிலப் பதிவுத் துறை. நிதி நிறுவனத்தைக் கண்காணிப்பது தில்லியில் உள்ள மத்திய கம்பெனி விவகார அமைச்சகம். கூட்டுறவுச் சங்கத்துக்கு மாநிலக் கூட்டுறவுப் பதிவாளர். அதே சங்கம் இரு மாநில மக்களை உறுப்பினராக்கிப் பணியாற்றினால் தில்லியில் உள்ள மத்தியப் பதிவாளர். நகைக்கடன் நிறுவனத்துக்கு ரிசர்வ் வங்கி. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்ய நாடாளுமன்றம் 2019-இல் இயற்றிய சட்டத்தின் அட்டவணையைப் புரட்டினால் ஒன்பது ஒழுங்குமுறை அமைப்புகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்பது காவலர்கள் இருக்கும் தெருவில் திருட்டு நடந்தால் முதல் கேள்வி, இது யாருடைய எல்லை என்பதே.

காவிரி நீர், முல்லைப் பெரியாறு என்று பெரிய எல்லைச் சச்சரவுகளுக்கு இடம் கிடைக்கும் தலைநகரில் குரிப் பணத்தின் எல்லைச் சிக்கல் பேசப்படுவது அரிது. ஆனால் அரசியல் சாசன அமர்வு ஒன்றே இதற்காக அமர்ந்திருக்கிறது.

காஷ்மீரில் பதிவு, கேரளத்தில் வசூல்

மாநில எல்லைகள் மாறுவதற்கு முன்பே இங்கு சட்ட எல்லைகள் குழம்பிக் கிடந்தன. கொல்லங்கோடு சென்னை ராஜதானியின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அருகிலேயே உள்ள சித்தூர் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. கொச்சிக்கும் திருவிதாங்கூருக்கும் குரி பற்றித் தனித்தனிச் சட்டங்கள் இருந்தன. 1956-இல் கேரளம் உருவான பிறகும் மாநிலம் முழுமைக்கும் ஒரே சட்டம் வர ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆயின. அதுவே 1975-ஆம் ஆண்டின் கேரளச் சிட்டிகள் சட்டம்.

ஏழாண்டுகள் கழித்து, 1982-இல், நாடாளுமன்றம் நாடு முழுமைக்குமாகச் சீட்டு நிதிச் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 19-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. ஆனால் அச்சட்டத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் மத்திய அரசு தனித்தனியே அறிவிக்கை வெளியிட்டால்தான் அங்கே அது நடைமுறைக்கு வரும். ஜம்மு காஷ்மீருக்கோ அறவே பொருந்தாது. தமிழகம் விரைவிலேயே மத்தியச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. கேரளத்துக்கான அறிவிக்கை 30 ஆண்டுகள் வரவில்லை.

இந்த இடைவெளியைச் சீட்டு நிறுவனங்கள் நன்கு புரிந்துகொண்டன. கேரளச் சட்டத்தின் கட்டுப்பாடு கடுமையானது என்று கருதியவர்கள் வேறு மாநிலங்களில், ஜம்மு காஷ்மீர் வரை சென்றுகூட, பதிவு செய்துகொண்டு கேரளத்தில் குரி நடத்தினர். சந்தாதாரர் திருச்சூரில் இருப்பார். பதிவாளர் பல நூறு மைல்களுக்கு அப்பால் இருப்பார். பணம் கிடைக்காதவர் முறையிட எங்கே செல்வது?

கேரள அரசு 2002-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் வாயிலாக ஒரு திருத்தம் கொண்டுவந்தது. வெளிமாநிலத்தில் பதிவான சீட்டு ஒன்றில் சந்தாதாரர்களில் 20 சதவீதத்தினரோ அதற்கு மேலோ வழக்கமாகக் கேரளத்தில் வசிப்பவர்களாக இருந்தால், அந்நிறுவனம் கேரளத்தில் கிளை திறந்து இங்கும் பதிவு பெற வேண்டும் என்றது அத்திருத்தம். சந்தாதாரர் வாழும் இடத்தில் பதிவாளரும் இருக்க வேண்டும் என்பதே இதன் சாரம். நியாயமான கோரிக்கைதான். ஆனால் மார் அப்ரேம் குரி கம்பெனி தொடர்ந்த வழக்கு உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு வரை சென்றது.

தலைமை நீதிபதி எஸ்.எச்.கபாடியா தலைமையிலான அமர்வு 2012 மே 8-ஆம் தேதி அளித்த தீர்ப்பு மாநில அரசுகளுக்கு ஒரு பாடம். பொதுப் பட்டியலில் உள்ள பொருள் குறித்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றிவிட்டால், அதற்கு முரணான மாநிலச் சட்டம், மத்தியச் சட்டம் இயற்றப்பட்ட நாளிலேயே செல்லாததாகிவிடும். அது நடைமுறைக்கு வரும் நாள் வரை காத்திருக்கத் தேவையில்லை என்று அமர்வு கூறியது. அதாவது கேரளச் சட்டம் 1982 ஆகஸ்ட் 19-ஆம் தேதியே முரண்பாட்டால் வீழ்ந்துவிட்டது. 2002-இல் திருத்தப்பட்டது இல்லாத ஒரு சட்டம். இடைப்பட்ட காலத்தின் நடவடிக்கைகளும் உரிமைகளும் பொது உட்கூறுகள் சட்டத்தின் துணையால் காப்பாற்றப்பட்டன. இத்தீர்ப்புக்கு எட்டு நாள்கள் முன்பு, ஏப்ரல் 30-ஆம் தேதி, மத்தியச் சட்டம் கேரளத்தில் நடைமுறைக்கு வந்திருந்தது. 30 ஆண்டுகள் வராத அறிவிக்கை, தீர்ப்பு வரும் வாரத்தில் வந்தது. காஷ்மீர் வாசல் மூடப்பட்டதோ 2019-இல் அம்மாநிலம் பிரிக்கப்பட்டு மத்தியச் சட்டங்கள் அங்கும் விரிக்கப்பட்ட பிறகுதான்.

ஒரு லட்சம் பிணை, இருபது லட்சம் புழக்கம்

சட்டம் வந்துவிட்டது. அது எதைக் காக்கிறது? ஓர் எடுத்துக்காட்டு. 20 பேர், மாதம் ரூ. 5,000, 20 மாதம். சீட்டுத் தொகை ரூ. 1 லட்சம். ஒருவர் அவசரத் தேவைக்காக ரூ. 25,000 தள்ளி ஏலம் எடுக்கிறார், ரூ. 75,000 பெறுகிறார். தள்ளிய தொகையில் நடத்துபவரின் கழிவு போக மிஞ்சுவதை, சீட்டுக்காரர் மொழியில் கசரை, எல்லோரும் பங்கிட்டுக்கொள்கின்றனர். கழிவு முன்பு 5 சதவீதமாக இருந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 7 சதவீதமாக உயர்த்தியது. ஆக ரூ. 7,000 நடத்துபவருக்கு. மீதி ரூ. 18,000-இல் ஆளுக்கு ரூ. 900. வங்கியில் படியேற முடியாதவருக்குக் கடன், கடன் தேவைப்படாதவருக்கு வட்டி. இடைத்தரகு ஒன்றே ஒன்று. இவ்வளவு எளிய நிதி ஏற்பாடு வேறில்லை என்பதால்தான் தலைமுறைகளாக நிற்கிறது.

சட்டப்படி நடத்துபவர் முன் அனுமதி பெற வேண்டும். ஒப்பந்தத்தைப் பதிய வேண்டும். தொடக்கச் சான்றிதழ் பெற வேண்டும். சீட்டுத் தொகைக்குச் சமமான பணத்தை அங்கீகரிக்கப்பட்ட வங்கியில் பிணையாக வைக்க வேண்டும். அரசுப் பத்திரமாக வைத்தால் ஒன்றரை மடங்கு. சீட்டு முடிந்து கணக்கு தீர்ந்தால்தான் பிணை விடுபடும். தகராறு எழுந்தால் உரிமையியல் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதில்லை. பதிவாளரே நடுவராக இருந்து தீர்ப்பார்.

ஏட்டில் இது வலுவான வேலி. ஆனால் கணக்கைக் கூர்ந்து பார்த்தால் பிணை காப்பது ஒரு மாதத்து வசூலை மட்டுமே. மேற்சொன்ன சீட்டில் 20 மாதங்களில் புழங்குவது ஏறத்தாழ ரூ. 20 லட்சம், பிணையோ ரூ. 1 லட்சம். பத்தாம் மாதம் நடத்துபவர் கடையை மூடினால், சீட்டு எடுக்காமல் காத்திருக்கும் பத்துப் பேருக்கும் அந்த ஒரு லட்சம் போதாது. எஞ்சிய பாதுகாப்பு, ஏற்கெனவே எடுத்தவர்கள் தவணையைத் தொடர்ந்து கட்டுவதைப் பொறுத்தது. அதை வசூலிக்க வைக்க வேண்டிய பதிவாளரோ, இரு மாநிலங்களிலும் பதிவுத் துறையின் அலுவலர். நிலப் பத்திரங்களுக்கு இடையே சீட்டுக் கோப்பையும் பார்ப்பவர். நிறுவனத்தின் கணக்கைப் பிரித்துப் படிக்கும் தணிக்கை அலுவலகமாக அத்துறை என்றுமே கட்டமைக்கப்படவில்லை. கேரளத்தில் இருந்துகொண்டு கோவை மாவட்டத்தில் பதிவான சீட்டில் சேருபவர், தகராறு என்றால் அங்குள்ள பதிவாளரிடமே செல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கேரளம் இதற்குக் கண்ட விடை அரசே குரி நடத்துவது. கேரள மாநில நிதி நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ. 1969 நவம்பரில் ரூ. 2 லட்சம் மூலதனமும் 10 கிளைகளுமாகத் திருச்சூரில் தொடங்கப்பட்டது. இன்று மாநிலத்தின் மிகப் பெரிய சீட்டு நடத்துநர். அரசு உத்தரவாதம் உண்டு என்பதால் மக்கள் நம்புகின்றனர். ஆயினும் அரசின் ஒரு கை நடத்துவதை மறு கை எப்படிக் கண்காணிக்கும் என்ற கேள்வி 2020 நவம்பரில் வெளிப்படையாகவே வெடித்தது. மாநில விஜிலென்ஸ் பிரிவு கே.எஸ்.எஃப்.இ. கிளைகளில் திடீர்ச் சோதனை நடத்தியபோது, அதைக் கடுமையாக எதிர்த்தவர் எதிர்க்கட்சித் தலைவர் அல்லர். நிதி அமைச்சர் தாமஸ் ஐசக். அமைச்சரவைக்குள்ளேயே எழுந்த அந்தச் சலசலப்பைக் கட்சி தலையிட்டு அடக்க வேண்டியதாயிற்று.

மேற்கு வங்கத்தில் 2013-இல் சரிந்த சாரதா நிறுவனத்தைப் பத்திரிகைகள் 'சிட் ஃபண்ட்' என்றே எழுதின. அது சீட்டே அல்ல. பொதுமக்களிடம் பணம் திரட்டிய வேறு வகைத் திட்டம். அந்தக் களங்கத்தைப் போக்கத்தான் 2019 நவம்பரில் இரு அவைகளும் நிறைவேற்றிய திருத்தம், சீட்டுக்குச் 'சகோதரத்துவ நிதி' என்ற மாற்றுப் பெயரையும் அனுமதித்தது. பெயரை மாற்றியவர்கள் பதிவாளருக்கு ஆள் பலம் தரவில்லை.

விண்ணப்பித்த 348, தேறியது பூஜ்யம்

'நிதி' என்பது தமிழகம் நாட்டுக்கு அளித்த நிறுவன வடிவம். மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் 1872-இல் தொடங்கியது. உறுப்பினரிடம் வைப்பு, உறுப்பினருக்கே கடன், அதுவும் தங்கம், வீடு போன்ற ஈட்டின் பேரில். வெளியாருடன் வியாபாரம் கிடையாது என்பதால் ரிசர்வ் வங்கி இவற்றுக்குப் பதிவிலிருந்து விலக்கு அளித்தது. கண்காணிப்பு கம்பெனி விவகார அமைச்சகத்திடம் உள்ளது.

2014-ஆம் ஆண்டு விதிகள் தெளிவானவை. 200 உறுப்பினர் வேண்டும். சொந்த நிதியைப் போல் 20 மடங்குக்கு மேல் வைப்பு வாங்கக் கூடாது. வைப்பில் 10 சதவீதத்தை ஈடு வைக்காத நிரந்தர வைப்பாக வங்கியில் வைத்திருக்க வேண்டும். சீட்டு நடத்தக் கூடாது. வைப்புக் கேட்டு விளம்பரம் செய்யக் கூடாது. பதிவு அலுவலகம் உள்ள மாநிலத்துக்கு வெளியே கிளை திறக்கக் கூடாது. எனவே தமிழகத்தில் பதிவான ஒரு நிதி நிறுவனம் கொல்லங்கோட்டில் பலகை மாட்டினால், அந்தப் பலகையே விதிமீறல்.

விதிகள் தெளிவு, வாசல்தான் திறந்து கிடந்தது. புதிய கம்பெனிச் சட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் மத்திய அரசின் பிரகடனம் பெறாமலேயே 'நிதி' என்ற பெயரில் பதிவு செய்து இயங்க முடிந்தது. 2014-க்கும் 2019-க்கும் இடையே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இப்படி முளைத்தன என்று அமைச்சகமே பின்னர் கூறியது. பழைய சட்டத்தின் கீழ் பிரகடனம் பெற்றவை மொத்தம் 390 அளவில்தான் என்பதை ஒப்பிட்டால் வேகம் புரியும். பிரகடனம் கட்டாயமாக்கப்பட்ட பின், 2021 ஆகஸ்ட் 24 வரை விண்ணப்பித்திருந்தவை 348. அவற்றில் தகுதி பெற்றது ஒன்றுகூட இல்லை என்று அமைச்சகம் பொதுமக்களை எச்சரித்தது. 2022-இல் விதிகள் மீண்டும் இறுக்கப்பட்டன. பதிவு எண் என்பது பிறப்புச் சான்றிதழ். நல்லொழுக்கச் சான்றிதழ் அன்று. ஆனால் கடைப் பலகையில் 'மத்திய அரசு பதிவு பெற்றது' என்று எழுதினால் கிராமத்தில் அது எப்படிப் படிக்கப்படும் என்பதை எந்த விதியும் கணக்கில் கொள்ளவில்லை.

2020-இல் பத்தனம்திட்டையைத் தலைமையிடமாகக் கொண்ட பாப்புலர் ஃபைனான்ஸ் வீழ்ந்தபோதும் இதே இடைவெளிதான் வெளிப்பட்டது. நகைக்கடன் நிறுவனம் என்ற பெயரை நம்பி மக்கள் வைப்பு செலுத்தினர். ரசீதுகளோ பல எல்.எல்.பி. நிறுவனங்களின் பெயரில் இருந்தன. கண்காணிப்பு ஒரு பெயர் மீது. பணம் வேறு பெயர்களில்.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. 1762-இல் தொடங்கிய பிரிட்டனின் ஈக்விடபிள் லைஃப், உறுப்பினர்களே உரிமையாளர்களான காப்பீட்டுச் சங்கம். 2000 டிசம்பரில் புதிய உறுப்பினர்களுக்குக் கதவை மூடியது. அந்நாட்டு நாடாளுமன்றக் குறைதீர்ப்பாளர் 2008-இல் அளித்த அறிக்கை, பத்தாண்டுகளாகக் கண்காணிப்பாளர்கள் தவறினர் என்று குற்றம்சாட்டியது. அரசு 150 கோடி பவுண்டு இழப்பீட்டுக்கு ஒதுக்கியது. கண்காணிப்பாளரின் தவறுக்கு அரசு பணம் தர வேண்டும் என்பதை ஒரு நாடு ஒப்புக்கொண்ட அரிய நிகழ்வு அது. இந்தியாவில் இன்னும் அந்த நிலை வரவில்லை.

தேர்தல் மேடையில் கூட்டுறவு

கூட்டுறவுக் கதவு அரசியல் வாசலும்கூட. 2021 ஜூலை மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். தில்லியில் புதிய கூட்டுறவு அமைச்சகம் உருவானது. அதே மாதம் 20-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், 97-ஆவது அரசியல் சாசனத் திருத்தத்தில் மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களைக் கட்டுப்படுத்திய பகுதியைச் செல்லாது என்றது. கூட்டுறவு மாநிலப் பட்டியலில் உள்ளது, பாதி மாநிலங்களின் ஒப்புதல் பெறப்படவில்லை என்பது காரணம். அதே மாதம் திருச்சூர் மாவட்டம் கருவன்னூர் சர்வீஸ் கூட்டுறவு வங்கியில் கோடிக்கணக்கான ரூபாய்க் கடன் மோசடி வெளியானது. மத்திய அரசு கைநீட்டியபோது, கைநீட்ட உனக்கு உரிமையில்லை என்று நீதிமன்றம் கூறிய அதே வாரங்களில், உரிமை உள்ள மாநில அரசின் காவல் தோற்றுப்போனது தெரிந்தது.

கேரளத்தில் சுமார் 1,600 தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கங்கள் பொதுமக்களிடம் வைப்பு வாங்குகின்றன. அவற்றை வங்கி என்றே மக்கள் அழைக்கின்றனர். வங்கி ஒழுங்குமுறைச் சட்டத் திருத்தத்தைச் சுட்டிக்காட்டி ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் வெளியிட்ட அறிவிப்பு, இச்சங்கங்கள் வங்கி என்ற பெயரைப் பயன்படுத்தக் கூடாது. இவற்றின் வைப்புகளுக்கு வைப்புக் காப்பீட்டுக் கழகத்தின் ரூ. 5 லட்சம் காப்பீடு இல்லை என்றது. மாநில உரிமையில் தலையீடு என்று இடதுசாரி அரசு கொதித்தது. பெயர் பறிபோகிறது என்று சங்கங்கள் முறையிட்டன. இரு தரப்பும் பேசியது அதிகாரத்தைப் பற்றி. காப்பீடு இல்லை என்ற வரிதான் வைப்பாளருக்கு முக்கியம். அது விவாதத்தில் அடிபட்டுப்போயிற்று.

2024 மக்களவைத் தேர்தலில் கருவன்னூர் பிரசாரப் பொருளானது. கொல்லங்கோடு அடங்கிய ஆலத்தூர்த் தொகுதியின் பா.ஜ.க. வேட்பாளர் டி.என்.சரசுவிடம் பிரதமர் மோடி தொலைபேசியில் பேசி, அமலாக்கத் துறை முடக்கிய சொத்துகளை வைப்பாளர்களுக்குத் திருப்பித் தர வழிகாணப்படும் என்றார். குன்னங்குளம் கூட்டத்திலும் கருவன்னூரைப் பேசினார். வாக்காளர்களோ ஆலத்தூரில் மார்க்சிஸ்ட் வேட்பாளர் கே.ராதாகிருஷ்ணனைத் தேர்ந்தெடுத்தனர்; இடது முன்னணி மாநிலத்தில் வென்ற ஒரே தொகுதி அது. அண்டைத் தொகுதியான, கருவன்னூர் அடங்கிய திருச்சூரில் பா.ஜ.க. வென்றது. 2025 மே மாதம் அமலாக்கத் துறை மார்க்சிஸ்ட் கட்சியையே குற்றம்சாட்டப்பட்டோர் வரிசையில் சேர்த்தது. அரசியல் பழிவாங்கல் என்று கட்சி மறுத்தது. பண மோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் சொத்தை முடக்குவது புலனாய்வு; வைப்பாளரின் முதிர்வுத் தொகையை உரிய நாளில் தரச் செய்வது கண்காணிப்பு. இரண்டாவது தவறிய இடத்தில்தான் முதலாவது வருகிறது.

ரிசர்வ் வங்கி, பதிவாளர்கள், கம்பெனி விவகார அமைச்சகம், காவல்துறை ஆகியோரை ஒரே மேசையில் அமர்த்தும் ஏற்பாடு ஒன்று இல்லாமல் இல்லை. மாநில அளவிலான ஒருங்கிணைப்புக் குழு தலைமைச் செயலரின் தலைமையில் கூடுகிறது. ரிசர்வ் வங்கி 2016-இல் தொடங்கிய 'சசேத்' இணையதளத்தில் யாரும் புகார் பதியலாம். அது உரிய அமைப்புக்கு அனுப்பப்படும். ஆனால் கேரளத்துக்கான குழு கேரளத்துக்கு, தமிழகத்துக்கான குழு தமிழகத்துக்கு. கோவிந்தாபுரத்தின் இருபுறத்துக்கும் சேர்த்து அமரும் குழு அந்த ஏற்பாட்டில் இல்லை.